போதும் அண்ணன் வீட்டுக்கு வந்த பெரிய சார்ஜர்

லேப்டாப் விற்கிற மனிதருக்குப் 'போதும்' என்று பட்டப்பெயர் அமைவது வியாபாரத்துக்கு நல்லதல்ல. ஆனால் மின்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில், மாடிப்படி ஏறியதும் இடதுபக்கம் வரும் கடையின் மூத்த விற்பனையாளரை வேறு பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. போதும் அண்ணன் என்றால் கீழே டீக்கடைக்காரரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார். முதலாளி மட்டும், கோபமாக இருக்கும் நாட்களில், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதனால் சொந்தப் பெயர் காதில் விழுந்தாலே அண்ணன் இன்றைக்கு என்ன தப்பு செய்தோம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பெயர் வந்ததற்குக் காரணம் எளிது. வந்தவர் எந்த லேப்டாப்பைக் கேட்டாலும் அதைவிட ஒரு படி கீழே இருப்பதைத் தொட்டுக் காட்டி, "உங்களுக்கு இதுவே போதும்" என்பார். நியாயமாகப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். பாதிப்பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஏமாற்றி அதிகமாக விற்பவனைக்கூட மன்னிக்கலாம், குறைவாகப் போதும் என்பவன் நம்மை என்னவோ நினைத்துவிட்டான் என்று அவர்களுக்குத் தோன்றியது.

சண்டை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு பற்றித்தான் வரும். திரையில் தெரியும் படத்தை வரைந்து தள்ளுவதற்கென்று எல்லா லேப்டாப்பிலும் ஒரு பகுதி உண்டு. சாதாரண லேப்டாப்பில் அது முதன்மைச் சிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், நினைவகத்தையும் அதனுடனேயே பங்கு போட்டுக்கொள்ளும். விலை கூடியவற்றில் இதுபோக, அந்த வேலைக்கென்று கார்டு என்ற பெயரில் தனியாக ஒரு பெரிய சிப் இருக்கும், அதற்கென்று தனி நினைவகமும் இருக்கும். அண்ணன் இதை வந்தவர்களுக்கு விளக்குகிற விதம் வேறு.

"சார், இது கூட்டுக்குடும்பம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கரண்ட் பில். அது தனிக்குடித்தனம். தனி வீடு, தனி அடுப்பு. வீட்டுல ஆள் இல்லாட்டியும் வாடகை போய்க்கிட்டே இருக்கும். நீங்க கணக்கு எழுதி, மெயில் அனுப்பி, படம் பாக்கறதுக்கு எதுக்கு சார் தனிக்குடித்தனம்?"

"கேம் ஆடுவேங்க."

"கடைசியா எப்ப ஆடினீங்க?"

வந்தவர் கூரையைப் பார்த்து யோசிப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி."

அதற்கும் மசியாதவர்களுக்கு அண்ணனிடம் இன்னொரு முறை இருந்தது. கார்டு உள்ள லேப்டாப்பைத் திறந்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். "பிடிச்சுக்கிட்டு இருங்க, இதோ வந்துடறேன்" என்று உள்ளே போவார். உள்ளே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்ப்பார். வந்தவர் முதலில் வலது கையில் பிடித்திருப்பார், பிறகு இடது கைக்கு மாற்றுவார், அப்புறம் வயிற்றோடு அணைத்துக்கொள்வார். மேசையில் வைக்க இடம் தேடுகிற நேரத்தில் அண்ணன் மெல்லிசான லேப்டாப்போடு வெளியே வருவார். கை மாறியதும் அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்த்து, "தினம் தூக்கிட்டுப் போகப் போறது நீங்கதானே" என்பார். அதற்குமேல் பேச வேண்டியிருக்காது.

முதலாளி இதைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம், அண்ணனிடம் லேப்டாப் வாங்கியவர் யாரும் சண்டை போடுவதற்காகத் திரும்பி வந்ததில்லை. முகத்தைச் சுளித்துப் போனவர்களே பிறகு தங்கள் மைத்துனரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அனுப்பி வைத்தார்கள். "உன்னால நான் பணக்காரனும் ஆகல, கெட்ட பேரும் எடுக்கல" என்பார் முதலாளி. அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் போதும் கொள்கை அண்ணனுக்கு வானத்திலிருந்து விழுந்ததில்லை. விற்பனைக்கு வருவதற்கு முன் அவர் கடையின் பின்னறையில் பழுது பார்ப்பவராக இருந்தார். செத்துப்போன லேப்டாப்கள் அவர் மேசைக்குத்தான் வரும். திறந்தால் உள்ளே பெரிய சிப் புத்தம் புதிதாக இருக்கும், அதைக் குளிர்விக்கும் விசிறியில் மெத்தைப் பஞ்சு அடைத்திருக்கும். கல்யாண வீடியோவைத் தவிர வேறெதையும் காணாத சிப்கள். இன்னும் சிலவற்றில் பேட்டரி உப்பி, விசைப்பலகையே முதுகு வளைந்து நிற்கும். நாள் முழுக்கச் சார்ஜரில் மாட்டியே வைத்ததால் வந்த வினை என்று அந்தக் காலத்தில் அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பின்னறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது இரண்டு கட்டளைகளோடு வந்தார். ஒன்று, பெரும்பாலானவர்களுக்குக் கார்டு வேண்டாம். இரண்டு, சார்ஜரை மாட்டிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. ஏற்று, கழற்று, பிறகு வேலை செய்.

முதல் கட்டளை கடைக்கு, இரண்டாவது வீட்டுக்கு. வீட்டில் அவர், மனைவி, மாமியார் மூன்று பேர். மூவரும் கைபேசியைக்கூட ஏற்றி, கழற்றி, பிறகுதான் பேசினார்கள். மாமியார் ஒருமுறை சார்ஜில் போட்டபடியே தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வந்துவிட்டார். பேச்சு அப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வந்திருந்தது. அதன் முடிவு என்ன என்பது மாமியாருக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

அண்ணனின் மனைவி டைல்ஸ் ஷோரூம் ஒன்றில் வேலை பார்த்தாள். ஆரம்பத்தில் மாதிரி ஓடுகளை எடுத்துக் காட்டும் கவுன்ட்டரில் நின்றாள். ஓடுகள் பார்க்க மெல்லிசாக இருக்கும், பெட்டியாகத் தூக்கினால் மணிக்கட்டு கழன்றுவிடும். வலது மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டே நின்ற நாட்கள் அவை. பிறகு வீட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பில் குளியலறையை வரையும் மென்பொருளைத் தானே கற்றுக்கொண்டாள். அளவைக் கொடுத்தால் சுவர், தரை, தொட்டி, குழாய், விளக்கு எல்லாவற்றையும் வைத்து, அறை கட்டி முடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே படமாகத் தருவாள். ஷோரூம் அவளைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தது. மணிக்கட்டுப் பட்டை கைப்பையின் அடிக்குப் போனது. அந்த மேசையின் மேல் அவளுக்கு இருந்த பிடிப்பு, சிலருக்குச் சொந்த வீட்டின் மேல் இருப்பது.

லேப்டாப் அண்ணன் தேர்ந்தெடுத்தது. சொல்லவே வேண்டாம், கார்டு இல்லாதது. "உனக்கு இதுவே போதும்" என்றுதான் கொடுத்தார். உண்மையில் போதுமாகவும் இருந்தது. ஒரு படத்தை முடித்துக் கொடுக்க அது நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அவள் துணி மடித்து விடுவாள், அம்மாவோடு ஒரு சின்ன வாக்குவாதத்தை ஆரம்பித்து முடித்தும் விடுவாள். படம் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது, அது சீக்கிரம் வந்ததா தாமதமாக வந்ததா என்று யார் கேட்கப் போகிறார்கள்.

புது மேனேஜர் வந்ததும் இது மாறியது. அவர் ஷோரூமில் ஒரு சோபாவைப் போட்டு, எதிரில் ஒரு பெரிய திரையை மாட்டினார். இனிமேல் தாளில் படம் கிடையாது, வாடிக்கையாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அறைக்குள் நடந்து பார்க்கட்டும் என்றார். இவள் மவுஸை நகர்த்த நகர்த்தத் திரையில் அறை திரும்ப வேண்டும். அறை திரும்பியது. ஆனால் திக்குவாய்க்காரர் பேசுவது போலத் திரும்பியது. சுவர் வந்தது, நின்றது, மறுபடி வந்தபோது பாதி தூரத்தைக் காணோம். சோபாவில் இருந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்தும்மா, எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் நேரடியாக விஷயத்துக்கு வந்தாள். "கார்டு இருக்கிறதா ஒண்ணு வேணுங்க."

"எதுக்கு? நிழலைக் குறைச்சா போதும்." அண்ணன் லேப்டாப்பை இழுத்து உட்கார்ந்தார். மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் நிழல்களை நிறுத்தினார். கண்ணாடியில் பிம்பம் தெரிவதை நிறுத்தினார். இப்போது அறை ஓரளவு ஓடியது. அவருக்குத் திருப்தி.

மறுநாள் வந்த வாடிக்கையாளர் திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கைகழுவும் தொட்டிக்கு மேலே இருந்த சாம்பல் நிறச் சதுரத்தைக் காட்டி, "அது கண்ணாடியா, இல்ல சுவத்துல ஓட்டையா?" என்று கேட்டார்.

மேனேஜர் அவளைத் தனியே கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை அவர், அதுதான் பயம். சனிக்கிழமை ஒரு விடுதிக்காரர் வருகிறார், புது விடுதியின் எல்லாக் குளியலறைகளுக்கும் சேர்த்து ஓடு எடுக்கப்போகிறார். "அன்னைக்கும் இப்படித்தான்னா, இன்னொரு கிளையில ஒரு பொண்ணு இருக்கு, அதுகிட்ட நல்ல மெஷின் இருக்கு. அதைக் கூப்பிட்டுக்கறேன். நீங்க பழையபடி கவுன்ட்டரைப் பாத்துக்கலாம்" என்றார், ஏதோ சலுகை தருவது போல.

அவள் இதையும் வீட்டில் சொன்னாள். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டார். "குழாயோட வளைவுகளைக் கொஞ்சம் எளிமையாக்கிப் பாக்கலாம். அது போதும்."

"உங்க அண்ணன் வீட்டை விட்டு நாம ஏன் வந்தோம்?"

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லுங்க. ஒரே குளியலறை. தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பீங்க. உள்ள உங்க அண்ணன் பாட்டுப் பாடிக்கிட்டு இருப்பாரு. அப்ப கூட்டுக்குடும்பமே போதும்னு உங்களுக்குத் தோணலையா?"

"மனுஷன் வேற, சிப்பு வேற."

"ஆமா. சிப்புக்கு மட்டும் பொறுமையை அளந்து கொட்டியிருக்கு."

மாமியார் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பதில் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. சொன்னா வளரும்" என்றார்.

அண்ணன் லேப்டாப்பை மூடி வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். அவள் அதன்பிறகு லேப்டாப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காததைத் தன் வாதத்தின் பலம் என்றும் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை தலையணை உறை தேடி மாமியாரின் அலமாரியைத் திறந்தபோது, மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவில் ஏதோ கையில் தட்டியது. எடுத்துப் பார்த்தார். கறுப்பாக, செங்கல் அளவில், வால் சுற்றிய ஒரு சார்ஜர். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே அண்ணனுக்குத் தெரியும், மெல்லிசான லேப்டாப்புக்கு இவ்வளவு பெரிய சார்ஜர் தேவையில்லை. இது தனிக்குடித்தனத்துக்கு மின்சாரம் கொடுக்கிற சார்ஜர். திருப்பிப் பார்த்தார். எதிர்க்கடையின் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"அத்தை, இது என்னது?"

மாமியார் ஒருமுறை பார்த்தார். "இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிற பெட்டி, மாப்பிள்ளை."

"சூடாகுமா?"

"நல்லா சூடாகும்."

அந்த அளவில் அது பொய்யும் இல்லை. அண்ணன் அதை இருந்த இடத்திலேயே வைத்து, போர்வையையும் சரிசெய்துவிட்டு வந்தார். பேரத்தின்போது பேசாமல் நின்றால் எதிரில் இருப்பவர் தானாகவே வாயைத் திறப்பார் என்பது கடையில் அவர் கண்ட பாடம். வீட்டிலும் அதையே செய்து பார்த்தார். அன்று இரவு அவரும் மனைவியும் ஒருவருக்கொருவர் மிக மரியாதையாக நடந்துகொண்டார்கள். சாப்பாட்டு மேசையில் "தண்ணி வேணுமா", "வேண்டாம், இருக்கு" என்று ரயிலில் சந்தித்தவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள்.

தெரு அவ்வளவு மரியாதை காட்டவில்லை. மறுநாள் டீக்கடையில் எதிர்க்கடை விற்பனையாளர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குத் தெருவில் அதிரடி என்று பெயர். யார் வந்தாலும் இருப்பதிலேயே பெரியதை எடுத்து மேசைமேல் வைப்பவர்.

"அண்ணே, அக்கா நம்ம கடைக்கு வந்தாங்க. என்னக்கா இந்தப் பக்கம், அண்ணன் எதிர்லதானே இருக்காருன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அங்க போனா போதும்னு சொல்லி அனுப்பிடுவாருன்னாங்க."

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்குவதற்காகப் பாலை உயரத் தூக்கி ஆற்றினார். "உங்களுக்கு இன்னொரு டீ போடட்டுமாண்ணே?"

"வேண்டாம்" என்றார் அண்ணன். வேறொரு சொல்தான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது, விழுங்கிக்கொண்டார். கடைக்குத் திரும்பியபோது முதலாளி அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வியாழன் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் இரண்டு லேப்டாப்களும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன. பழையது மெல்லிசாக, புதியது அதன் தாய்மாமன் போலத் தடியாக. மனைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒத்தடப் பெட்டி."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைபேசியைப் பார்த்தார்.

"என் சேமிப்புல வாங்கினது. உங்ககிட்ட சொல்லலை, தப்புதான். ஆனா அதை விடுங்க, இப்ப அது இல்ல விஷயம்." அவள் புதிய லேப்டாப்பில் விடுதியின் குளியலறையைத் திருப்பிக் காட்டினாள். சுவர் வந்தது, நின்றது, மறுபடி வந்தபோது பாதி தூரத்தைக் காணோம். "பாத்தீங்களா? பழசு மாதிரியேதான் திக்குது. வாங்கின நாள்லேருந்து தினம் நீங்க வர்றதுக்கு முன்னாடி உக்காந்து ஓட்டிப் பாக்கறேன். கொஞ்சமும் முன்னேற்றம் இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. கார்டெல்லாம் சும்மா. நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன். மேனேஜர்கிட்டயும் அந்தப் பொண்ணையே கூப்பிட்டுக்கச் சொல்லிடறேன்."

நீங்க சொன்னதுதான் சரி. கல்யாணமானதிலிருந்து இந்த வாக்கியத்தை அண்ணன் அவள் வாயால் கேட்டதில்லை. காற்றில் அது கலைந்துவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதிரடியிடம் நாளை எப்படிச் சொல்வது என்றுகூட மனதில் ஓடியது. அக்கா திருப்பிக் கொடுக்க வந்தாங்களா, ஒண்ணும் சரியில்லையாமே.

ஆனால் பழுது பார்த்த கை சும்மா இருக்கவில்லை. புதிய லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. குளிர்ச்சியாக இருந்தது. காதை அருகில் கொண்டுபோனார். விசிறிச் சத்தம் இல்லை. இவ்வளவு பெரிய சிப் ஒரு குளியலறையையே சுழற்றிக்கொண்டிருக்கும்போது அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி போலக் கொதிக்க வேண்டும், விசிறி ஊரைக் கூட்ட வேண்டும். இது கோயில் குளம் போல இருந்தது. திரையின் ஓரத்தில் பேட்டரி அடையாளத்தைப் பார்த்தார்.

"சார்ஜர் எங்க?"

"அம்மா அலமாரியில. ஏன், சார்ஜ் முழுசா இருக்கே?" என்றாள் அவள். "அம்மா பகல்ல ஏத்தி வெச்சிடுவாங்க. நான் வந்து கழட்டிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன்." பாடம் ஒப்பிக்கும் நல்ல மாணவியின் முகம் அது. வாங்குவதில் அவர் பேச்சை மீறியவள், பயன்படுத்துவதில் ஒரு புள்ளி பிசகவில்லை.

அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து டீ போடப் போனார்.

அடுப்புக்கு முன் நின்று தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவர் சொன்னதுதான் சரி. லேப்டாப் நாளைக்கு எதிர்க்கடைக்குப் போகும், தெரு அடங்கும், கொள்கை நிற்கும். யாரும் அவரைப் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. ஒரு பொய்யும் சொல்லாமலே இப்படி ஒரு பொய்யைச் செய்ய முடியும் என்பது அவருக்கே வியப்பாக இருந்தது.

மாமியார் டம்ளர் எடுக்க வந்தார். "என்ன மாப்பிள்ளை, ஜெயிச்சுட்டீங்களாமே."

"ஆமா அத்தை."

"நல்லது. அவ இப்பத்தான் பையில எதையோ தேடிக்கிட்டு இருந்தா. கைக்குக் கட்டற பட்டை. பழசு கிடைக்குமா, புதுசு வாங்கணுமான்னு கேட்டா." டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் கொதித்துப் பொங்கியது. அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு, டீத்தூளே போடாமல் அலமாரிக்குப் போனார். போர்வைகளை விலக்கி ஒத்தடப் பெட்டியை எடுத்து வந்து லேப்டாப்பில் மாட்டினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை ஒரு கணம் இருண்டு தெளிந்தது. உள்ளே யாரோ தூக்கத்திலிருந்து எழுந்து செருமுவது போல விசிறி சுழலத் தொடங்கியது. "இப்பத் திருப்பு" என்றார்.

அவள் திருப்பினாள். அறை திரும்பியது, எண்ணெய் விட்ட கதவு போல. அண்ணன் குனிந்து, தான் நிறுத்தியிருந்த நிழல்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார். கடைசியில் கண்ணாடியையும் கொடுத்தார். சாம்பல் சதுரத்துக்குள் விளக்கும் தொட்டியும் துண்டு மாட்டும் கம்பியும் வந்து உட்கார்ந்தன. அவள் அறையை மீண்டும் ஒரு சுற்று சுற்றினாள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல. மாட்டினேன். இந்த மாதிரி லேப்டாப்புல பிளக்கைக் கழட்டினா, பேட்டரி தீராம இருக்கப் பெரிய சிப்பைத் தூங்க வெச்சிடும். இத்தனை நாளும் உள்ள இருக்கிற சின்னச் சிப்புதான் தனியா மாரடிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப பிளக்கைக் கழட்டினதுதான் தப்பா?"

"ம்."

"கழட்டச் சொன்னது யாரு?"

அண்ணன் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "நான்தான்."

"மாட்டிக்கிட்டே வேலை செஞ்சா பேட்டரி உப்பிடாதா?"

"இப்ப வர்றதெல்லாம் கொஞ்சம் விவரமான பேட்டரி. நிறைஞ்சா தானா நிறுத்திக்கும்."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச வருஷமாவே."

"சொல்லவே இல்லையே" என்றாள். மாமியார் இதைக் கேட்டதும் எழுந்து போய்த் தன் கைபேசியைச் சார்ஜில் போட்டார், தங்கையைக் கூப்பிட்டார், சார்ஜில் இருந்தபடியே நெடுநேரம் பேசினார்.

சனிக்கிழமை அண்ணன் அரைநாள் விடுப்புக் கேட்டார். "எதிர்க்கடை லேப்டாப்புக்கு நம்ம கடை ஆள் சேவையா?" என்றார் முதலாளி. ஆனால் போகச் சொன்னார், அதுவும் பட்டப்பெயர் சொல்லி.

ஷோரூமில் சோபா இருந்த இடத்துக்கு அருகில் பிளக் பாயின்ட் இல்லை. அண்ணன் இதை எதிர்பார்த்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஒயரும் கொண்டுவந்திருந்தார். தூணில் இருந்த பாயின்ட்டிலிருந்து சோபாவுக்குப் பின்னால் வரை இழுத்தார். மேனேஜருக்குத் தரையில் ஒயர் கிடப்பது பிடிக்கவில்லை. "இது இல்லாம ஓடாதா?"

"ஓடும் சார்" என்றார் அண்ணன். "ஆனா போதாது."

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவரே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

விடுதிக்காரர் கனத்த மனிதர், பேசாதவர். சோபாவில் உட்கார்ந்து, குளியலறையை ஒரு முறை பார்த்தார். இரண்டாவது முறை திருப்பச் சொன்னார். "அந்தக் கண்ணாடிக்கு எதிர்ல நின்னா, பின்னாடி கதவு தெரியுமா?"

அவள் அறைக்குள் நடந்து கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடிக்குள் கதவு தெரிந்தது. திறந்த கதவுக்கு அப்பால் படுக்கையின் கால்மாடும் தெரிந்தது.

"அதானே" என்றார் விடுதிக்காரர். "படுத்திருக்கிறவன் கண்ணு முழிச்சா பல் தேய்க்கிறவன் முகம் தெரியும். கண்ணாடியை அந்தச் சுவத்துக்கு மாத்துங்க."

அவள் அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றினாள். விடுதிக்காரர் ஆர்வத்தில் முன்னால் நகர்ந்தார். சோபா பின்னால் நகர்ந்தது. சோபாவின் கால் எக்ஸ்டென்ஷன் பெட்டியை இடித்தது.

விசிறிச் சத்தம் இறங்குவது அண்ணனுக்கு மட்டும் கேட்டது. திரை ஒரு கணம் தயங்கியது. மனைவி திரும்பவில்லை, ஆனால் அவள் தோள்கள் இறுகுவது தெரிந்தது. அண்ணன் குனியவில்லை, குனிந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். மாதிரி ஓடுகளை ரசிப்பவர் போல ஒரு அடி நகர்ந்து, பாதி கழன்றிருந்த பிளக்கின் மேல் செருப்புக் காலை வைத்து அழுத்தினார். விசிறி மறுபடி எழுந்தது. சுவர் நிற்காமல் திரும்பியது. அதன்பிறகு அவர் காலை எடுக்கவே இல்லை. ஆயுள் முழுக்கக் கழற்று, கழற்று என்று சொல்லிவந்த மனிதர், ஒற்றைக் காலால் பிளக்கை மிதித்துக்கொண்டு, விடுதிக்காரர் எல்லா அறைகளையும் பார்த்து முடிக்கும்வரை கொக்கு போல நின்றார்.

விடுதிக்காரர் எழுந்தபோது மேனேஜரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "மத்த மாடிக்கும் இந்தம்மாதான் வரையணும். நடுவுல ஆளை மாத்தாதீங்க." மேனேஜர் மாற்றுவது பற்றித் தான் கனவிலும் நினைத்ததில்லை என்பது போலத் தலையாட்டினார். மனைவி லேப்டாப்பை மூடிவிட்டுக் கணவனைப் பார்த்தாள், பிறகு அவர் காலைப் பார்த்தாள். "எடுத்துடலாம்" என்றாள்.

அண்ணன் இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறார். பெரும்பாலானவர்களுக்கு இப்போதும் போதும் என்றுதான் சொல்கிறார், பெரும்பாலானவர்களுக்கு அது போதுமாகவும் இருக்கிறது. ஒரு மாற்றம் உண்டு. வந்தவர் அறையை வரைகிறேன், வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னால், உடனே மெல்லிசானதைத் தொடுவதில்லை. "தாள்ல கொடுப்பீங்களா, இல்ல எதிர்ல உக்கார வெச்சுத் திருப்பிக் காட்டுவீங்களா?" என்று கேட்கிறார். திருப்பிக் காட்டுவேன் என்றால் தடியானதை எடுத்துத் தருகிறார். கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் நிற்பதில்லை. கூடவே சார்ஜரையும் எடுத்து வைத்து, இதை மறந்துவிட்டுப் போகக் கூடாது என்று வீட்டுப் பெரியவர் போல இரண்டுதரம் சொல்கிறார். அப்படி ஒருவரை அவர் தன் கடையில் அதற்கேற்ற சரக்கு இல்லாததால் எதிர்க்கடைக்கே அனுப்பியது தெருவில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. அதிரடி அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில், மனைவி வேலையை முடித்தபிறகு அந்தத் தடி லேப்டாப் மாமியார் கைக்குப் போகும். மடியில் போர்வையை விரித்து, அதன்மேல் வைத்துக்கொண்டு தொடர் பார்ப்பார். அதை மட்டும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். ஒருநாள் அண்ணன் அருகில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் லேப்டாப்பின் அடியில் கையை நுழைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. விசிறி சத்தமில்லை.

"என்ன மாப்பிள்ளை, கெட்டுப் போச்சா?"

"இல்ல அத்தை. பெரிய சிப்பு தூங்குது. சின்னதுதான் வேலை செய்யுது."

மாமியார் திரையைப் பார்த்தார். கதாநாயகியின் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், தங்குதடையின்றி. "எழுப்பிடாதீங்க" என்றார். "எனக்கு இதுவே போதும்."

வீட்டில் முதன்முதலாக வேறொருவர் வாயிலிருந்து தன் வாக்கியம் அப்படியே வந்ததை மனைவி கேட்டாளா என்று பார்ப்பதற்காக அண்ணன் திரும்பினார். அவள் பட்டை கட்டாத மணிக்கட்டை லேசாகச் சுழற்றிவிட்டுக்கொண்டே, பழைய மெல்லிசான லேப்டாப்பில் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தாள். சார்ஜர் மாட்டியே இருந்தது.